வீட்டுப் பராமரிப்பின் தரம்: கோப்பில் தெரிவதும் தெரியாததும்

ஒரு மருத்துவமனையையோ முதியோர் இல்லத்தையோ ஆய்வு செய்யப் போகிறவருக்கு வாசலில் கால் வைத்ததுமே பாதி விஷயம் பிடிபட்டுவிடும். தாழ்வாரத்தில் சிறுநீர் நாற்றம் அடிக்கிறதா, அழைப்பு மணி அடித்தால் யாராவது எழுந்து வருகிறார்களா, சாப்பாட்டுத் தட்டு தொடப்படாமல் திரும்பிப் போகிறதா என்பதைக் கண்ணும் மூக்கும் காதுமே சொல்லிவிடும். வீட்டுப் பராமரிப்பில் அந்த வசதி கிடையாது. சேவை தரும் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனால் இரண்டு மேஜை, ஒரு கணினி, கோப்புகள் அடுக்கிய ஓர் அலமாரி இருக்கும். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, மாத்திரை கொடுப்பது, படுக்கையில் புரட்டிப் போடுவது எல்லாம் அங்கிருந்து பல மைல் தள்ளி, வெவ்வேறு வீடுகளுக்குள், பெரும்பாலும் பார்ப்பதற்கு மூன்றாவது ஆள் இல்லாமல் நடக்கின்றன.

அந்த வீடுகளுக்குள் ஆய்வாளர் நினைத்தபோது நுழையவும் முடியாது. இங்கிலாந்தின் 2008ஆம் ஆண்டு சுகாதார, சமூகப் பராமரிப்புச் சட்டம், சேவை நடக்கும் இடங்களுக்குள் நுழைய ஆய்வாளர்களுக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் அது ஒருவர் குடியிருக்கும் வீடு என்றால் சம்மதம் இல்லாமல் நுழையக் கூடாது. இது சரியான விதிதான். படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை உண்டு. இதன் விளைவாக, ஆய்வு என்பது பெரும்பாலும் அலுவலகத்தில் தொடங்கி, பலமுறை அலுவலகத்திலேயே முடிந்துவிடுகிறது. வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டியவர், வீட்டில் நடந்ததாக எழுதிவைத்ததைப் படித்துவிட்டுத் திரும்புகிறார்.

இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள ஒரு பழைய சட்டகம் இன்றும் உதவுகிறது. மருத்துவப் பராமரிப்பின் தரத்தை எப்படி மதிப்பிடுவது என்று அவெடிஸ் டொனபேடியன் என்ற மருத்துவர் 1966இல் ஒரு கட்டுரை எழுதினார். தரத்தை மூன்று இடங்களில் தேடலாம் என்றார் அவர்: கட்டமைப்பு, செயல்முறை, விளைவு. ஊழியர்களுக்குப் பயிற்சி இருக்கிறதா, அவர்களின் பின்னணி விசாரிக்கப்பட்டதா, போதுமான ஆட்கள் இருக்கிறார்களா என்பது கட்டமைப்பு. அவர்கள் என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பது செயல்முறை. அதனால் அந்த மனிதருக்கு என்ன ஆனது என்பது விளைவு.

வீட்டுப் பராமரிப்புக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் வில்லங்கம் எங்கே என்று தெரிந்துவிடும். கட்டமைப்பைச் சரிபார்ப்பது எளிது, சான்றிதழைக் காட்டினால் போதும். செயல்முறை மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது. விளைவைப் பார்க்கலாம் என்றால், தொண்ணூறு வயதில் இதயம் பழுதான ஒருவர் எவ்வளவு நல்ல பராமரிப்பு கிடைத்தாலும் ஆறு மாதத்தில் தளர்ந்துபோகலாம். இன்னொருவர் மோசமான சேவையிலும் மகளின் கவனிப்பால் தேறிவிடலாம். எது சேவையின் பலன், எது நோயின் போக்கு, எது குடும்பத்தின் உழைப்பு என்று பிரித்தெடுப்பது கடினம். அதனால்தான் ஆய்வு எப்போதும் எளிதில் சரிபார்க்க முடிந்த பக்கம் சாய்கிறது. பயிற்சிச் சான்றிதழ்கள், கையொப்பமிட்ட கொள்கை ஆவணங்கள், புகார் பெட்டி இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி. இவை தேவைதான். ஆனால் இவை எல்லாம் சரியாக இருக்கும் ஒரு நிறுவனம், ஒரு பாட்டியை ஈரத் துணியோடு நான்கு மணி நேரம் படுக்க விடவும் முடியும்.

சில நாடுகள் இதை எப்படிக் கையாண்டிருக்கின்றன என்று பார்ப்போம். இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணையம் 2009இல் செயல்படத் தொடங்கியது. பாதுகாப்பானதா, பலனளிக்கிறதா, பரிவோடு நடத்துகிறார்களா, தேவைக்கேற்ப நடந்துகொள்கிறார்களா, நிர்வாகம் ஒழுங்காக இருக்கிறதா என்ற ஐந்து கேள்விகளை வைத்து, மிகச் சிறப்பு, நன்று, மேம்பாடு தேவை, போதாது என்று நான்கு தரங்களில் ஒன்றைத் தருகிறது. கேள்விகள் நல்ல கேள்விகள். ஆனால் பென்னி டாஷ் தலைமையில் நடந்து 2024இல் வெளியான மறுஆய்வு, ஆணையத்தின் அதிகாரத்துக்கு உட்பட்ட இடங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு ஒருமுறைகூடத் தரமதிப்பீடு வழங்கப்படவில்லை என்று சொன்னது. பல மதிப்பீடுகள் ஆண்டுக்கணக்கில் பழசாகிக் கிடந்தன. பராமரிப்புத் துறையில் ஊழியர்கள் அடிக்கடி மாறுவார்கள். பல ஆண்டுகளுக்கு முன் ‘நன்று’ வாங்கிய நிறுவனத்தில் அன்றிருந்த மேலாளரும் இருக்க மாட்டார், அன்று வேலை பார்த்த பெண்களும் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். அந்தச் சொல்லை நம்பி இன்று அம்மாவை ஒப்படைக்கிறது ஒரு குடும்பம்.

ஜெர்மனி வேறொரு பாடம். அங்கே 2009இல் பராமரிப்புச் சேவைகளுக்குப் பள்ளிக்கூட மதிப்பெண் போல ஒன்று முதல் ஐந்து வரை தரம் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒன்று என்றால் மிக நன்று. கொஞ்ச காலத்திலேயே ஏறக்குறைய எல்லாரும் ஒன்றை ஒட்டிய மதிப்பெண் வாங்கிவிட்டார்கள். காரணம் கணக்குமுறை. பல அளவுகோல்களுக்குத் தனித்தனியே புள்ளி கொடுத்துச் சராசரி எடுத்ததால், படுக்கைப்புண் தடுப்பில் விட்டதை ஆவணப் பராமரிப்பில் பிடித்துவிட முடிந்தது. கடும் விமர்சனத்துக்குப் பிறகு 2019இல் பராமரிப்பு இல்லங்களுக்கு அந்த மதிப்பெண் முறையைக் கைவிட்டு வேறு முறைக்கு மாறினார்கள். சராசரி என்பது இந்தத் துறைக்கு ஆகவே ஆகாது என்பது என் உறுதியான கருத்து. குதிகாலில் எலும்பு தெரியும் அளவுக்குப் புண் இருக்கும் ஒருவருக்கு, அவருடைய கோப்பு அழகாக இருப்பதால் எந்த ஆறுதலும் இல்லை. அதே ஜெர்மன் முறையில் எனக்குப் பிடித்த ஒன்றும் உண்டு. ஆய்வாளர்கள் பயனாளிகளில் சிலரைத் தற்செயல் முறையில் தேர்ந்தெடுத்து, அவர்களின் சம்மதத்தோடு வீட்டுக்கே போய் உடல்நிலையைப் பார்க்கிறார்கள். வீட்டுச் சேவை என்பதால் முந்தைய நாள்தான் நிறுவனத்துக்கு அறிவிக்கிறார்கள். ஒரு நாளில் கோப்பைத் திருத்திவிடலாம், புண்ணை ஆற்ற முடியாது.

அமெரிக்காவில் வீட்டு மருத்துவச் சேவை நிறுவனங்கள் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் ‘ஒயாசிஸ்’ என்ற விரிவான மதிப்பீட்டுப் படிவத்தை 1999 முதல் நிரப்பி அனுப்ப வேண்டும். நடக்க முடிகிறதா, தானாகக் குளிக்க முடிகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று தொடக்கத்திலும் முடிவிலும் குறிப்பார்கள். எவ்வளவு முன்னேறினார் என்பதை வைத்து 2015 முதல் நட்சத்திரத் தரம் வெளியாகிறது. நல்ல யோசனை போலத் தெரியும். ஆனால் படிவத்தை நிரப்புவது மதிப்பெண் வாங்கப்போகும் அதே நிறுவனம். போதாக்குறைக்கு, அரசுக் காப்பீடு கொடுக்கும் தொகையையும் அதே படிவம் பாதிக்கிறது. நிறுவனம் தானே எழுதிக்கொடுக்கும் முன்னேற்ற அளவுகள் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்துகொண்டே போயின. கட்டணக் கோரிக்கைகளிலிருந்து தனியாகக் கணக்கிடப்படும் மருத்துவமனைச் சேர்க்கைகளில் அதே வேக முன்னேற்றம் தெரியவில்லை. யாரை மதிப்பிடுகிறோமோ அவரே தரும் தகவலை மட்டும் வைத்து மதிப்பிட்டால் இப்படித்தான் ஆகும்.

அப்படியானால் எங்கே தேடுவது? என்னைக் கேட்டால் நேரம், ஆள், உடம்பு என்ற மூன்றைச் சொல்வேன். சொன்ன நேரத்துக்கு வந்து சொன்ன நேரம் வரை இருந்தார்களா, ஒரே முகம் வருகிறதா அல்லது தினமும் புது ஆளா, அந்த மனிதரின் உடம்பு என்ன சொல்கிறது. அலமாரி நிறைய இருக்கும் கொள்கை ஆவணங்களை விட இவை அதிகம் பேசும்.

நேரத்திலிருந்து தொடங்குவோம். நல்ல ஆய்வாளர் அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது ஊழியர்களின் பணிப்பட்டியலை. ஒரு பராமரிப்பாளரின் காலைப் பொழுதை எடுத்துக்கொள்ளுங்கள்: 7:00 முதல் 7:30 வரை ஒரு வீடு, 7:30 முதல் 8:00 வரை அடுத்த வீடு, 8:00 முதல் 8:30 வரை மூன்றாவது வீடு. பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் முதல் வீட்டிலிருந்து இரண்டாவது வீட்டுக்குப் போக இருபது நிமிடம் ஆகும் என்றால், அந்த இருபது நிமிடம் பட்டியலில் எங்கே? எங்கேயும் இல்லை. அது யாரோ ஒருவரின் குளியலிலிருந்தோ சாப்பாட்டு நேரத்திலிருந்தோ எடுக்கப்படுகிறது. அந்தப் பெண் நேர்மையானவராகவே இருக்கலாம், ஓடி ஓடி வேலை செய்பவராகவே இருக்கலாம். பட்டியலே அவரைத் திருடச் சொல்கிறது. பயணத்துக்கு இடைவெளி விடாத பணிப்பட்டியலைப் பார்த்ததுமே ஆய்வாளர் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

அப்புறம், பட்டியலில் எழுதிய நேரத்தையும் நடந்த நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கையால் எழுதிய வருகைப் பதிவில் ஒரு மாதம் முழுக்க வருகை 8:00, புறப்பாடு 8:30 என்று பிசிறில்லாமல் இருந்தால் அது நடந்ததன் பதிவாக இருக்க வாய்ப்பில்லை. மழை பெய்யும், பேருந்து தாமதமாகும், முந்தைய வீட்டில் ஒருவர் வழுக்கி விழுந்திருப்பார். உண்மையான பதிவில் 8:07, 8:41, 7:55 என்று ஏற்ற இறக்கம் இருக்கும்.

தினசரிக் குறிப்புகளும் அப்படித்தான். “நன்றாகச் சாப்பிட்டார், உற்சாகமாக இருந்தார், பிரச்சினை எதுவும் இல்லை” என்ற ஒரே வாக்கியம் மூன்று வாரம் தொடர்ந்து வருகிறது, நான்காவது வாரம் நீரிழப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார் என்றால், அந்த மூன்று வாரமும் யாரும் அவரைப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நல்ல குறிப்பு வேறு மாதிரி இருக்கும்: “அரை டம்ளர் தண்ணீர்தான் குடித்தார். இடது கையைத் தூக்க யோசித்தார். மகனுக்குச் சொன்னேன்.” இலக்கணப் பிழையோடு இருந்தாலும் அதை எழுதியவர் அந்த மனிதரைப் பார்த்திருக்கிறார்.

மருந்துப் பதிவேட்டை மாத்திரை அட்டையோடு ஒப்பிடுவது இன்னொரு எளிய வழி. பதிவேட்டில் எல்லாக் கட்டங்களிலும் கையொப்பம் இருக்கிறது, ஆனால் அட்டையில் நான்கு மாத்திரை மிச்சம் இருக்கிறது என்றால் வேறு சாட்சி தேவையில்லை. காலை மாத்திரைக்கும் மதிய மாத்திரைக்கும் இடையில் எவ்வளவு நேரம் விட்டார்கள் என்பதும் முக்கியம். காலை வருகை பத்தரை மணிக்குத் தள்ளிப்போய், மதிய வருகை பன்னிரண்டுக்கே நடந்தால், ஆறு மணி நேர இடைவெளி தேவைப்படும் மருந்து ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு முறை உள்ளே போகிறது. பதிவேட்டில் இரண்டு கட்டமும் அழகாக நிரம்பியிருக்கும்.

நேரத்தைப் பிடிக்க இப்போது மின்னணு முறைகள் வந்துவிட்டன. அமெரிக்காவில் 2016இல் நிறைவேறிய சட்டம் ஒன்று, மெடிக்கெய்டு என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீட்டின் நிதியில் நடக்கும் வீட்டுச் சேவைகளில் ஒவ்வொரு வருகையையும் மின்னணு முறையில் உறுதிப்படுத்த வேண்டும் என்றது. எந்தச் சேவை, யாருக்கு, யார் செய்தார், எந்தத் தேதி, எந்த இடம், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்ற ஆறு விவரங்கள் பதிவாக வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு வராமலே இருப்பதைத் தடுக்க இது உதவும். ஆனால் பராமரிப்பாளர் அந்த வீட்டில் இருந்தார் என்பதைத்தான் அது காட்டும். இருந்த நேரத்தில் பாட்டியின் கையைப் பிடித்துப் பேசினாரா, கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்பது ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது. பயனாளியைப் பூங்காவுக்கு அழைத்துப்போன நல்ல ஊழியர், பதிவு செய்த இடத்தில் இல்லை என்று கேள்விக்குள்ளாவதும் நடக்கும். ஆய்வுக்கு இந்தத் தரவு தேவை. ஊழியர் மீதான கண்காணிப்பாக மட்டும் அது மாறிவிடக் கூடாது.

ஆள் என்ற விஷயத்துக்கு வருவோம். ஒரு வாரத்தில் எத்தனை வெவ்வேறு ஆட்கள் வந்தார்கள் என்பது ஒற்றை எண். பணிப்பட்டியலிலிருந்து ஐந்து நிமிடத்தில் எண்ணிவிடலாம். ஆனால் அதற்குள் ஏராளம் அடங்கியிருக்கிறது. நினைவு மங்கிய ஒருவரைத் தினமும் புதிய ஆள் வந்து உடை களையச் சொன்னால் அவர் பயந்து முரண்டு பிடிப்பார், “ஒத்துழைக்க மறுத்தார்” என்று குறிப்பில் ஏறும். தொடர்ந்து வருகிறவருக்குத்தான் நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியும். கணுக்கால் வீங்கியிருக்கிறது, பேச்சு குழறுகிறது என்று முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்ல, தினமும் காலுறை மாட்டிவிடும் அந்தப் பெண்தான். நெதர்லாந்தில் 2006இல் யோஸ் டி பிளோக் தொடங்கிய ‘பியூர்ட்சோர்க்’ அமைப்பு, அதிகபட்சம் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு செவிலியர் குழுக்களாக வேலை செய்வது இதனால்தான் கவனம் பெற்றது. ஒரு பகுதிக்கு ஒரு சிறு குழு, அவர்களே தங்கள் பட்டியலைப் போட்டுக்கொள்கிறார்கள். நோயாளிக்கு வருகிறவரைத் தெரியும், வருகிறவருக்கு நோயாளியைத் தெரியும்.

உடம்பு பொய் சொல்லாது. நகம் வெட்டப்பட்டிருக்கிறதா, வாய்க்குள் வெள்ளைப் படலம் இருக்கிறதா, நாக்கு வறண்டிருக்கிறதா, துணி தொளதொளவென்று ஆகுமளவுக்கு எடை குறைந்திருக்கிறதா, குழாய் வழியே சிறுநீர் சேரும் பை எப்போது மாற்றப்பட்டது, முதுகின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும் தோல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். படுக்கைப்புண் ஏற்படும் ஆபத்தை அளக்க 1980களில் அமெரிக்கச் செவிலியர்கள் உருவாக்கிய பிரேடன் அளவுகோல், உணர்வு, ஈரம், நடமாட்டம், அசையும் திறன், சத்துணவு, உராய்வு என்று ஆறைப் பார்க்கிறது. இவற்றில் ஈரம், சத்துணவு, உராய்வு மூன்றும் பராமரிப்பாளரின் கையில் நிறையவே இருக்கின்றன. எல்லாப் படுக்கைப்புண்ணும் அலட்சியத்தால் வருவதில்லை, சாவை நெருங்கியவருக்கு எவ்வளவு பார்த்தாலும் வரலாம். ஆகவே புண் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், சிவந்தபோதே யாராவது குறித்தார்களா, குறித்த பிறகு என்ன மாறியது என்று பின்னோக்கிப் போக வேண்டும். சிவப்பு பற்றிய குறிப்பே இல்லாமல் நேரடியாக ஆழமான புண் பதிவாகியிருந்தால், தோலைப் பார்க்காமலே பல நாள் துடைத்திருக்கிறார்கள்.

சரி, பயனாளியிடமே கேட்டுவிடலாமே? கேட்கத்தான் வேண்டும், ஆனால் கேட்கும் விதத்தில் எல்லாம் இருக்கிறது. “சேவை திருப்தியாக இருக்கிறதா?” என்றால் பெரும்பாலும் “நன்றாக இருக்கிறது” என்ற பதில்தான் வரும். நன்றியும் இருக்கும், பயமும் இருக்கும். புகார் சொன்னால் அந்தப் பெண்ணை நிறுத்திவிடுவார்களோ, அவருக்குப் பதில் யாரை அனுப்புவார்களோ, நாளைக் காலையில் என்னைத் தூக்கி உட்கார வைக்க யார் வருவார்கள் என்ற கவலை அது. அதனால் கருத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேட்பது நல்லது. நேற்று யார் வந்தார்? அவர் பெயர் தெரியுமா? எத்தனை மணிக்கு? தாமதமானால் போன் பண்ணிச் சொல்வார்களா? கடைசி வருகை முடிந்த பிறகு இரவில் சிறுநீர் கழிக்க வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு “அதனால்தான் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிக்க மாட்டேன்” என்று ஒருவர் சொன்னால், திருப்திப் படிவம் எதிலும் வராத ஓர் உண்மை வெளியே வந்துவிட்டது.

பிள்ளைகளிடம் தனியாகவும், முடிந்தால் பெற்றவர்களிடம் பிள்ளைகள் இல்லாதபோதும் பேச வேண்டும். இருவரின் பதிலும் அடிக்கடி வேறுபடும். பராமரிப்பாளர்களிடமும் மேலாளர் இல்லாமல் பேச வேண்டும். “ஒரு வீட்டில் கூடுதல் நேரம் ஆகிவிட்டால் அடுத்த வீட்டுக்கு யார் போவார்கள்?” என்ற ஒரு கேள்விக்கு அவர்கள் தரும் பதில், நிறுவனம் எப்படி நடக்கிறது என்பதைக் காட்டிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு பெரிய குறை மிச்சம் இருக்கும். ஆய்வு நிறுவனத்தோடு நின்றுவிடுகிறது, பணம் கொடுப்பவரைத் தொடுவதில்லை. இங்கிலாந்தில் பல உள்ளாட்சிகள் பதினைந்து நிமிட வருகைகளை விலைக்கு வாங்கிவந்தன. சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2011இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை, முதியவர்களின் வீட்டுப் பராமரிப்பில் நேரப் பற்றாக்குறை எப்படி அவர்களின் கண்ணியத்தைப் பாதிக்கிறது என்று எடுத்துக்காட்டியது. சுகாதாரத்துக்கும் பராமரிப்புக்கும் வழிகாட்டுதல்கள் வகுக்கும் அங்குள்ள நைஸ் என்ற தேசிய அமைப்பு 2015இல் தந்த வழிகாட்டுதல், அரை மணிக்குக் குறைவான வருகைகள் குறிப்பிட்ட சூழல்களில் மட்டுமே நடக்க வேண்டும் என்றது: வருபவர் ஏற்கெனவே அறிமுகமானவராக, வருகை பெரிய திட்டத்தின் ஒரு பகுதியாக, மாத்திரை கொடுத்தாயிற்றா என்று பார்ப்பது போன்ற குறிப்பிட்ட வேலைக்காக இருக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் ஒருவரை எழுப்பி, கழிப்பறைக்கு அழைத்துப்போய், கழுவி, உடை மாற்றி, ஊட்டிவிட முடியாது. அதை வாங்கியவர் யாரோ, அவர்தான் முதல் குற்றவாளி. ஒப்பந்தத்தில் எத்தனை நிமிடம் வாங்கப்பட்டது, பயண நேரத்துக்குப் பணம் உண்டா என்பதையும் ஆய்வறிக்கை எழுதினால்தான் தவறு எங்கே தொடங்கியது என்று படிக்கிறவருக்குத் தெரியும்.

கடைசியாக, ஆய்வுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்ற கேள்வி. மோசமான உணவகத்தை அன்றே மூடலாம். மோசமான வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்தை அன்றே மூடினால், மறுநாள் காலை அத்தனை பேரும் படுக்கையிலேயே கிடப்பார்கள். இதனால்தான் கட்டுப்பாட்டு அமைப்புகள் தயங்குகின்றன, நிறுவனங்களும் அந்தத் தயக்கத்தை அறிந்தே வைத்திருக்கின்றன. நடைமுறையில் பலன் தருவது இடைப்பட்ட நடவடிக்கைகள்தான்: இருப்பவர்களை ஒழுங்காகக் கவனிக்கும் வரை புதிய பயனாளிகளைச் சேர்க்கக் கூடாது என்று தடை விதிப்பது, ஆபத்து அதிகமுள்ளவர்களை மட்டும் முதலில் வேறு சேவைக்கு மாற்றுவது, குறுகிய கெடு வைத்துத் திரும்பப் போவது. அப்படித் திரும்பப் போகிறவரிடம் பெரும்பாலும் “முன்னேற்றத் திட்டம்” என்ற புதிய கோப்பு ஒன்றை நீட்டுவார்கள். அதை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். ஆனால் போன முறை குறை கண்ட அதே பயனாளிகளின் கடந்த இரண்டு வார வருகை நேரங்களையும், அவர்களுக்கு வந்த ஆட்களின் பெயர்களையும் முதலில் கேட்க வேண்டும், அவர்களில் சம்மதிக்கிறவர்களின் வீட்டுக்கு அன்று மாலையே போய்ப் பார்க்கவும் வேண்டும்.